தவக்காலத்துக் கறிக்குழம்பு

ரோசி தவக்காலத்தில் கறி எடுத்தாள் என்று சொன்னால் சேலம் அரிசிப்பாளையத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். தவக்காலம் தொடங்கும் விபூதி புதனன்று கோயிலில் நெற்றிக்குச் சாம்பல் வாங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் அந்த வீட்டில் கறி என்ற பேச்சே கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலத்திலும் சரி, புருஷன் உபகாரசாமி இறந்துபோன வருஷத்திலும் சரி, அந்த நோன்பை அவள் விட்டதில்லை. அப்படிப்பட்டவள் அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு கறிக்கடை வாசலில் நின்றாள். கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன சிஸ்டர், இந்த வருஷம் ஈஸ்டர் முன்னாடியே வந்துருச்சா?"

"வாயை மூடிட்டு நெஞ்சுக்கறியா பாத்துப் போடுப்பா. எனக்கில்ல, வீட்டுக்குப் பெரிய மனுஷங்க வராங்க."

பெரிய மனுஷர் என்றால் நாமக்கல் மயில்சாமி. ரோசியின் மகள் ஹெலன் நடத்தும் கம்பெனியில் பங்கு எடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வருகிறார். கம்பெனிக்குப் பெயர் 'கொண்டை'. கோழி ஷெட்டின் உத்தரத்தில் ஒரு சின்னப் பெட்டியைத் தொங்கவிடுவார்கள். கோழிக்குச் சளி பிடித்தால் அதன் குரல் மாறும், இருமும். சத்தியமாகக் கோழி இருமும். மனுஷக் காதுக்கு அது எட்டுவதற்குள் நோய் ஷெட் முழுக்கப் பரவிவிடும். பெட்டி முன்கூட்டியே கேட்டுப் பண்ணைக்காரரின் செல்போனுக்குத் தகவல் அனுப்பிவிடும். ஹெலன் யோசித்தது இது. மென்பொருள் எழுதியது அவள் கூட்டாளி ஜோஸ்வா.

இந்த மாதிரி முளைவிடும் கம்பெனிக்கு எந்த பேங்க் கடன் தரும்? அடமானம் வைக்க என்ன இருக்கிறது, கோழியின் இருமலா? பங்கு வாங்கிக்கொண்டு பணம் போடுகிறவர்களைத் தேடித்தான் போகவேண்டும். ஹெலன் பெங்களூருக்கு ஏறி இறங்கினாள். ஏசி அறையில் உட்கார்ந்து அவள் ஸ்லைடுகளைப் பார்த்த பையன்கள், "மார்க்கெட் ரொம்பச் சின்னதா இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். காலையில் நாமக்கல் முட்டையில் ஆம்லெட் தின்றுவிட்டு வந்துதான் அதைச் சொல்லியிருப்பார்கள், மகராசன்கள்.

கடைசியில் நாமக்கல்லிலேயே வழி திறந்தது. பண்ணைக்காரர்களும் லாரி, போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர்களும் சேர்ந்து புதுக் கம்பெனிகளுக்குப் பணம் போட ஒரு வட்டம் வைத்திருந்தார்கள். அதை நடத்துகிறவள் தனப்பிரியா, படித்த கெட்டிக்காரப் பெண். அவள் அப்பாதான் மயில்சாமி. வட்டத்தில் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள், அவர் எழுந்து போனால் கூட்டமே எழுந்து போய்விடும். கொண்டைக்கு ஈஸ்டர் வரைக்கும்தான் மூச்சு. அதற்குள் பணம் வராவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு ஹெலனும் ஜோஸ்வாவும் ஆளுக்கொரு வேலை தேட வேண்டியதுதான்.

இதில் ஹெலனுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. பெட்டியை அவர்கள் வைத்துப் பார்த்ததெல்லாம் மார்கழி, தை மாதத்து ராத்திரிகளில். வெயில் காலம் வந்துவிட்டால் ஷெட்டுகளில் ஆளுயர ஃபேன்கள் ராப்பகலாக ஓடும். அந்த இரைச்சலில் பெட்டிக்குக் காது சுத்தமாக அடைத்துவிடும். சரிபண்ணிவிடலாம் என்று ஜோஸ்வா சொல்கிறான், அவளும் நம்புகிறாள். ஆனால் இன்னும் சரிபண்ணவில்லை. ஸ்லைடுகளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மயில்சாமி வெள்ளை வேட்டி சட்டையில், மகளை அழைத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு வந்தார். "ஆபீஸைத்தான் அன்னிக்கே பாத்துட்டமே அம்மிணி. ஊட்டையும் ஒருக்காப் பாக்கோணும்னு வந்தேன்" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு. பெண் பார்க்க வந்தவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் இருந்த உபகாரசாமியின் படத்துக்கு முன்னால் நின்று, "சேலம் நாமக்கல் ரூட்டுல கண்டக்டரா இருந்தவருங்களா? பாத்த மொகமாட்டவே இருக்குது" என்றார். ரோசிக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"இருக்கட்டுங்க" என்றார்.

"காபி போடட்டுங்களா?"

"இருக்கட்டுங்க."

"மோராச்சும் குடிங்க ஐயா. வெயில்ல வந்திருக்கீங்க."

"வேண்டாமுங்க. ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

தண்ணீர் டம்ளர் அவர் முன்னாலிருந்த ஸ்டூலில் தொடப்படாமல் நின்றது. தனப்பிரியாவும் அப்பாவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். அடுக்களையில் கறிக்குழம்பு கொதிக்கும் வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும். அவர் மூக்குக்கு மட்டும் எட்டவில்லையாக்கும்!

கிளம்பும்போது ஹெலனைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சாமி. உங்க பொட்டி எல்லா ஷெட்டுலயும், எல்லாக் காலத்துலயும் கேக்குமா?"

ஹெலன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கதவோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குமுங்க" என்றாள்.

"சரி சாமி. யோசிச்சுச் சொல்லியனுப்பறேன்."

கார் திரும்பியதும் ரோசி உள்ளே வந்தாள். ஸ்டூலில் இருந்த தண்ணீரை எடுத்துக்கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். குழம்பை அப்படியே குண்டாவோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அழுவாள் என்று ஹெலன் எதிர்பார்க்கவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, அவள் துடைக்கவும் இல்லை.

"அம்மா, அவருக்கு வயிறு சரியில்லையோ என்னமோ..."

"பேசாதடி. நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது எங்கம்மா கூட ராசிபுரம் பக்கம் கடலைக்கா பறிக்கப் போவேன். தாகமா இருக்குன்னா தோட்டத்துக்கார அம்மா சொம்பை ஒசரத் தூக்கி கையில ஊத்துவா. ரெண்டு கையையும் குவிச்சுக் குடிக்கணும். முழங்கை வழியா எல்லாம் ஒழுகிப் போயிடும், தாகம் அடங்காது. அதுக்காகத்தாண்டி படிச்சேன். ஆஸ்பத்திரியில எத்தனை பேர் வாயில இந்தக் கையால தண்ணி ஊத்தியிருக்கேன்! உயிர் போற நேரத்துல ஒருத்தனும் நீ யாருன்னு கேக்கல." மூச்சு வாங்கினாள். "இவர் என் வீட்டுக்குள்ள, என் நாற்காலியில உக்காந்துட்டு, ஒரு வாய் தண்ணி குடிக்கல. அந்தக் காசு நமக்கு வேண்டாம் ஹெலன். நான் பென்ஷன்ல கஞ்சி ஊத்துறேன்."

ஹெலன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி போட்டும் காயம் கழுவியும் காய்த்துப்போன கை. அவளுக்குக் கோபம் பொங்கியது. கூடவே, அந்தப் பணம் போனால் கொண்டை போய்விடுமே என்ற நினைப்பும் வந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் அம்மாவிடம் சொன்னாள். "நேர்ல போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன்மா."

மோகனூர் ரோட்டில் மயில்சாமியின் பண்ணையை ஒட்டியே வீடு. பஸ்ஸை விட்டு இறங்கி ஹெலன் நடந்து போனபோது அவர் வாசலில் நின்று முட்டை லாரியில் தட்டு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடடே, வாங்க சாமி, வாங்க! வள்ளி, யார் வந்திருக்காங்க பாரு!" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி வள்ளியாத்தாள் சொம்பில் தண்ணீரோடு வந்தாள்.

ஹெலன் கையை நீட்டவில்லை. "எனக்கும் இருக்கட்டுங்க" என்றாள். "உங்க வட்டத்துப் பணம் எங்களுக்கு வேண்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு ஆகலைன்னா எங்க கம்பெனியும் ஆக வேண்டாம். எங்கம்மா நேத்து நோன்பு நாள்லயும் உங்களுக்காகக் கறி ஆக்குனாங்க. அவங்க தின்னக்கூட மாட்டாங்க. நீங்க போனப்புறம் அவங்க அழுத அழுகைய நான் பாத்திருக்கக் கூடாது."

மயில்சாமிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் மனுஷர் ஆடிப்போய்விட்டார்.

"ஐயோ சாமி! அப்படியா நெனச்சுப்போட்டாங்க?" லாரிக்காரரைப் போகச் சொல்லிவிட்டு அங்கேயே வாசலில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்தார். "அது எங்க வழமை கண்ணு. எங்கப்பன் காலத்துல இருந்து பங்குக்குத்தான் எல்லாமே. ரிக்கு வண்டி எடுத்தாலும் பங்கு, லாரி எடுத்தாலும் பங்கு. பங்கு பேசப் போற ஊட்டுல முடிவு சொல்லற வரைக்கும் கை நனைக்க மாட்டோம். பச்சத் தண்ணி குடிக்க மாட்டோம். பொண்ணுப் பாக்கப் போற மாதிரித்தான். ஊட்டுச் சோறு உண்டுபோட்டு அப்பறம் வேண்டாமுன்னு சொன்னா அது துரோகமுங்க. கை நனைச்சா முடிஞ்சுது, பங்காளிதான். சரின்னு முடிவு பண்ணியிருந்தா தேங்கா பழத்தோட வந்து, உங்கம்மா கையால வாங்கி உண்டிருப்பேன். என் சொந்த மச்சான் ஊட்டுலயே இப்படித்தான் உக்காந்திருக்கேன். வேற நெனப்பே இல்ல, சத்தியமா."

அவர் பொய் சொல்லவில்லை என்பது ஹெலனுக்குத் தெரிந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. "உங்க மச்சான் வீட்டுல அது வழமைங்க. எங்க வீட்டுல அது வேற. பங்கு போட்டாத்தான் எங்க தண்ணி உங்களுக்கு இறங்கும்னா, எங்கம்மா அதை எப்படி எடுத்துக்குவாங்க?"

வள்ளியாத்தாள் சொம்பை நங்கென்று வைத்தாள்.

"இந்தப் புள்ள கேக்கறது ஞாயந்தானுங்களே? இத்தன வருஷம் ஊரெல்லாம் சுத்துனீங்களே, எந்த ஊட்டுல என்ன பண்ணுனா எப்படிப் படும்னு தெரிய வேண்டாமா? உங்கப்பன் சொன்னாராம், இவர் செஞ்சாராம்! அந்தக் காலத்துல தண்ணி மறுத்தது பூராம் வழமைன்னுதானே மறுத்தாங்க?"

மயில்சாமி தலையைக் குனிந்துகொண்டு துண்டின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தார். ஹெலன் போய்ட்டு வரேங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வள்ளியாத்தாள் கேட் வரைக்கும் கூடவே வந்தாள். ஆனால் தண்ணீர் குடி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மயில்சாமி சொன்ன வழமையை ஹெலன் அம்மாவிடம் வந்து சொன்னாள், ரோசிக்கு அது ஆறுதலாகப் படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ரோசியும் ஹெலனும் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும். வாசலில் கார் நின்றது. மயில்சாமியும் வள்ளியாத்தாளும் இறங்கினார்கள். கையில் தேங்காயும் இல்லை, பழமும் இல்லை.

ரோசி கதவருகே வந்து நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை.

"அக்கா" என்றார் மயில்சாமி, படிக்குக் கீழேயே நின்றபடி. "பங்கைப் பத்தி நான் இன்னும் ஒரு முடிவும் பண்ணலீங்க. போடுவனோ, மாட்டனோ தெரியாது. அதைப் பேச வரல. தாகமா இருக்குது. கொஞ்சம் தண்ணி தாரீங்களா?"

ரோசி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள். அதே எவர்சில்வர் டம்ளர். கொங்குப் பக்கத்து ஆட்கள் தங்கள் சொந்த வீட்டிலேயே அண்ணாந்துதான் குடிப்பார்கள். மயில்சாமி டம்ளரை வாயில் வைத்து, உதடு படக் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

"இன்னொரு டம்ளர் வேணுமுங்க" என்றார்.

ரோசி டம்ளரை வாங்கிக்கொண்டு, "உள்ள வந்து உக்காந்து குடிங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "சாப்பாட்டு நேரமாச்சு. ஆனா பருப்பும் ரசமுந்தான் இருக்கு. சொல்லாம வந்தா இதான்" என்றாள்.

"அது போதுமுங்க" என்றாள் வள்ளியாத்தாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

நாலு பேரும் இலை போட்டுச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மயில்சாமி பருப்புச் சோற்றைப் பிசைந்து நிதானமாக உண்டார். ஹெலனுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. போன வாரம் முழுக்க அம்மாவின் அவமானத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் தன் பொய் அடியில் போய் ஒளிந்துகொண்டது. இப்போது அது எழுந்து வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. கை நனைத்துவிட்டார். நனைத்தால் முடிந்தது என்று அவரே சொன்னார். இந்த மனுஷர் இனி வேண்டாம் என்று சொல்ல மாட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பணம் வந்துவிடும், கொண்டை பிழைத்துவிடும். வழமையை உடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவரின் வாயில் தான் மண்ணைப் போடுகிறோமே என்று அவள் சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"ஐயா," என்றாள், "அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்க. எல்லாக் காலத்துலயும் கேக்குமான்னு. கேக்குமுன்னு சொன்னேன். அது பொய்ங்க. ஃபேன் ஓடுனா எங்க பெட்டிக்கு ஒண்ணுமே கேக்காது. வெயில் காலத்துல அது செவிடு. தெரிஞ்சேதான் சொன்னேன்."

மயில்சாமியின் கை இலையிலேயே நின்றது. ரோசி மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஹெலனால் தாங்க முடியவில்லை. அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

ரோசிதான் முதலில் பேசினாள். "நாங்க ஒரு டம்ளர் தண்ணிக்கு உங்ககிட்ட நியாயம் கேட்டோம். என் மக உங்களுக்கு மோசம் பண்ணப் பாத்திருக்கா. எனக்கு வெக்கமா இருக்கு. கையைக் கழுவிட்டு எந்திரிக்கிறதுன்னா எந்திரிங்க ஐயா, நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்."

தெருவில் ஐஸ் வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். மயில்சாமி இலையைப் பார்த்தார், ஹெலனைப் பார்த்தார்.

"கை நனைக்கறதுக்கு முந்தி இதைச் சொல்லியிருந்தீன்னா எந்திரிச்சுத்தான் போயிருப்பேன் சாமி" என்றார். பிறகு ரோசியிடம் இலையைக் காட்டினார். "கொஞ்சம் ரசம் ஊத்துங்கக்கா."

ரோசி ரசம் ஊற்றினாள். அவர் ரசத்தை உறிஞ்சிக் குடித்து முடித்தார்.

"இப்ப பணம் போட மாட்டேன் கண்ணு" என்றார், துண்டில் வாயைத் துடைத்தபடி. "கை நனைச்ச ஊட்டுல வேண்டாமுன்னு சொல்லறது இதுதான் எனக்கு மொத தடவ. எங்கப்பன் மேல இருந்து திட்டுவாரு, திட்டட்டும். என்ர ஷெட்டு ஒண்ணு தாரேன். ஃபேன் இப்பவே ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. நீயும் அந்தத் தம்பியும் வந்து அங்கயே கெடந்து பாருங்க. பொட்டிக்குக் காது கேட்டுச்சுன்னா வட்டத்துல நானே எந்திரிச்சுப் பேசறேன். ஃபேனைப் பத்தியும் சேத்துத்தான் பேசுவேன், ஆமா."

ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அழுகை நிற்கவில்லை. ஆனால் இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியிருந்தது. வள்ளியாத்தாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "உண்ணு சாமி, சோறு ஆறுது" என்றாள்.

"கேக்கலைன்னா?" என்று கேட்டாள் ரோசி. அவளுக்கு இன்னும் முகம் தெளியவில்லை.

"கேக்கலைன்னா பணம் வராதுங்கக்கா" என்றார் மயில்சாமி. "நாங்க ரெண்டு பேரும் வருவோம்."

ரோசி ரசக்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்தாள்.

"அப்ப ஈஸ்டருக்கு வாங்க தம்பி" என்றாள். "கறி எடுக்குறேன். அன்னிக்கு நானும் கூட உக்காந்து சாப்பிடலாம்."